ருமியாத்தியின் உள்ளங்கை

அத்தியாயம் 4

"செத்துப்போனதாச் சொல்ற என் புருஷன், போன வாரம் நாலு நாற்காலி செஞ்சிருக்கார்," என்றாள் ருமியாத்தி.

துத்திக் வாயில் போட்ட சோயாத் தெம்பேப் பொரியலை மெல்லாமல் நிறுத்தினாள். துப்பறியும் தர்மாஜியிடம் உதவியாளராகச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. காணாமல் போன லாரி, கள்ளத் தேக்கு, கல்யாணத்துக்கு முதல் நாள் ஓடிப்போன மாப்பிள்ளை என்று எல்லாவற்றையும் பார்த்தாயிற்று. செத்தவர் வேலைக்குப் போவதை இப்போதுதான் கேட்கிறாள்.

"எங்க வீட்டுக்காரர் உயிரோட இருந்துக்கிட்டே ஒரு ஆணி அடிக்க மாட்டேங்கறார். உங்க ஆளு எவ்வளவோ பரவாயில்லையே, அக்கா!"

தர்மாஜி திரும்பிப் பார்த்தார். வாயை மூடு என்று அர்த்தம். ஆனால் ருமியாத்தி சிரித்துவிட்டாள். சிரித்த பிறகு, அது தப்பு என்று யாரோ அதட்டியதுபோலத் தலைத்துணி நுனியால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். துணியிலும் மரத்தூள், மூக்கிலும் மரத்தூள்.

ஜாவாவின் மரவேலை ஊரான ஜெப்பாராவில் அந்தச் சந்து முழுக்கவே அப்படித்தான். வீட்டுக்குப் பின்னால் ஓடு வேய்ந்த பட்டறை. ஆண்கள் அறுப்பார்கள், இழைப்பார்கள், செதுக்குவார்கள். பெண்கள் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பார்கள். ருமியாத்தி பத்தொன்பது வருடம் புருஷன் செய்த சாமான்களைத் தேய்த்தாள். இப்போது மூன்று மாதமாக ஊரார் செய்ததைத் தேய்க்கிறாள்.

தர்மாஜி குறிப்பு நோட்டைத் திறந்தார். அறுபத்தொரு வயது. இருபத்தெட்டு வருடம் அரசாங்க மரக்கிடங்கில் தேக்குக் கட்டைகளுக்குத் தரம் பார்த்து முத்திரை குத்தியவர். கட்டையை முகர்ந்தே எந்தக் காடு என்று சொல்லிவிடுவார். ஐயா என்பதுபோல எல்லோரும் அவரைப் 'பாக்' என்றுதான் கூப்பிடுவார்கள்.

"முதல்லேர்ந்து வரிசையாச் சொல்லுங்க. நாள், கிழமையோட."

"ஜனவரி பதினேழு, புதன்கிழமை. கரிமுன்ஜாவாத் தீவுல ஒரு விடுதிக்குக் கட்டில் செய்யணும்னு ஆயுதப்பெட்டியைத் தூக்கிட்டுக் கிளம்பினார். மேற்குக் காத்து மாசம் இல்லையா, பெரிய கப்பல் ஓடல. சரக்குப் படகுல ஏறினார். பட்டியல்ல ஆறு பேர். படகு கவுந்துடுச்சு. ரெண்டு உடம்பு கரைக்கு வந்துச்சு. இவர் வரல."

"சரி."

"அவரோட அம்மா மூணாம் நாள், ஏழாம் நாள், நாப்பதாம் நாள் எல்லாத்துக்கும் ஆளைக் கூட்டி ஓத வெச்சாங்க. நான் எதுக்கும் போகல. வர்ற வியாழக்கிழமை நூறாம் நாள். அது இந்த வீட்டுலதான் நடக்கணும்னு பிடிவாதமா இருக்காங்க. நான் சரின்னு தலையாட்டினா, அவர் போயிட்டார்னு நானே கையெழுத்துப் போட்டாப்ல. அதுக்கு முன்னாடி எனக்குத் தெரியணும், பாக். உயிரோட இருக்கிற மனுஷனுக்கு நான் ஓத வெச்சுடக் கூடாது."

"நாற்காலி அவர் செஞ்சதுதான்னு எப்படித் தெரியும்?"

ருமியாத்தி வலது உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். தோல் வழுவழுப்பாக, ரேகையே தேய்ந்துபோய் இருந்தது.

"இதுதான் சொல்லுச்சு. முதுகுப் பலகை ஓரத்துலேர்ந்து ரெண்டு விரல் தள்ளி, மயிரிழை மாதிரி ஒரு மேடு ஓடும். அவர் இழைப்புளி அலகுல ஒரு பல் விழுந்திருக்கு. தீட்டுங்க, தீட்டுங்கன்னு கத்துவேன். 'அதான் தேய்க்க நீ இருக்கியே'ம்பார். ஹாஜி முஸ்தஜாப் கடையிலேர்ந்து போன வாரம் நாலு நாற்காலி தேய்ப்புக்கு வந்துச்சு. நாலுலயும் அந்த மேடு."

"அந்த இழைப்புளி இப்போ எங்கே?"

"பெட்டியோடதான் போச்சு. படகுல."

துத்திக் தெம்பேத் தட்டைத் தள்ளிவைத்தாள். கடலுக்குள் போன இழைப்புளி போன வாரம் பலகை இழைத்திருக்கிறது.

"நாற்காலியைக் காட்டுங்க," என்றார் தர்மாஜி.

"காலையில வண்டி வந்து எடுத்துட்டுப் போயிட்டாங்க. தேய்ச்சு முடிச்சிட்டேனே."

"அந்த மேட்டையும் சேர்த்தா?" என்றாள் துத்திக். "இருந்த ஒரே சாட்சியை நீங்களே தேய்ச்சு அழிச்சிட்டீங்களா, அக்கா?"

"கூலி வேலை, பெண்ணே. தேய்க்காம எப்படி அனுப்புறது? கடைசி நாற்காலியை மட்டும் ரெண்டு நாள் தொடாம வெச்சிருந்தேன். அப்புறம் ஆள் விட்டாங்க."

தர்மாஜி பென்சிலைக் காதில் செருகினார். "உங்க வீட்டுக்காரர் கஸ்மாதி, பலகையை எந்தப் பக்கத்துலேர்ந்து இழைப்பார்?"

"அடியிலேர்ந்து நுனிக்கு. எப்பவும். மரம் வளர்ந்த வழியிலதான் நாமளும் போகணும், எதிர்த்துப் போனா மரம் கோவிச்சுக்கும்பார். அவசரத்துக்குக்கூட மாத்த மாட்டார்."

"தேய்க்கறப்ப வேற ஏதாவது தெரிஞ்சுதா?"

"இல்லை," என்றாள் ருமியாத்தி. அதுவரை நிதானமாகப் பேசியவள், இந்த ஒரு பதிலை மட்டும் வெகு வேகமாகச் சொன்னாள்.

ஹாஜி முஸ்தஜாபின் கிடங்கில் நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் கூரை வரை அடுக்கப்பட்டிருந்தன. ஹாஜி அவற்றுக்கு நடுவே, தான் உட்கார மட்டும் பிளாஸ்டிக் நாற்காலி போட்டிருந்தார்.

"மரத்து மேல அவ்வளவு நம்பிக்கையா, ஹாஜி?" என்றாள் துத்திக்.

"விக்கிற சாமான்ல உட்கார்ந்தா பழசாயிடும், தாயி. என்ன வேணும்?"

தர்மாஜி விஷயத்தைச் சொன்னார். ஹாஜியின் கையில் உருண்டுகொண்டிருந்த ஜெபமாலை நின்றது.

"செய்யறவனை நான் பார்த்ததே இல்லை. மூரியா மலையிலேர்ந்து காப்பிக்கொட்டை ஏத்தி வர்ற லாரியில அனுப்புவான். வேலை கொஞ்சம் முரடு, ஆனா பொருத்து உறுதி. அஞ்சு வந்துச்சு. ஒண்ணு கால் ஆடுதுன்னு தேய்ப்புக்கு அனுப்பாம வெச்சிருக்கேன். அதோ, அந்த மூலையில."

தர்மாஜி மூலைக்குப் போய் மண்டியிட்டு உட்கார்ந்தார். முதுகுப் பலகையில் விரல் வைத்தார். ஓரத்திலிருந்து இரண்டு விரல் தள்ளி, மயிரிழை மேடு. ருமியாத்தி சொன்னது அச்சு அசலாக இருந்தது.

"ஒரு நிபந்தனை வெச்சான்," என்றார் ஹாஜி, யோசித்து. "லாரிக்காரன்கிட்டச் சொல்லி விட்டான். சாமானைத் தேய்க்க வேற யார்கிட்டயும் குடுக்கக் கூடாதாம். கஸ்மாதி வீட்டு ருமியாத்திகிட்டதான் குடுக்கணுமாம். இல்லேன்னா சாமானைத் திருப்பி அனுப்பிடுங்கன்னான். எனக்கு என்ன? நல்லாத் தேய்க்கிற பொண்ணு. குடுத்தேன்."

துத்திக் துள்ளிக் குதித்தாள். "பாக்! கேட்டீங்களா? அவர்தான்! ஏதோ காரணத்தால வீட்டுக்கு வர முடியல. பொண்டாட்டி கைக்குத் தெரியும்னுதான் நாற்காலியை அனுப்பறார்!"

தர்மாஜி உள்ளங்கையால் பலகையை மேலிருந்து கீழே ஒரு முறை தடவினார். கீழிருந்து மேலே ஒரு முறை. பிறகு வெளிச்சத்தில் சாய்த்து, மரத்தின் ரேகை எந்தப் பக்கம் கூம்பி முடிகிறது என்று பார்த்தார். மறுபடி தடவினார்.

"என்ன பாக், பூனைக்குட்டியா அது?"

"ஆமா. வாலிலேர்ந்து தலைக்குத் தடவின பூனை."

"கடிச்சுதா?"

"கடிச்சுது," என்றார். வழக்கமாகச் சிரிக்கும் இடத்தில் அவர் சிரிக்கவில்லை.

துத்திக் அதைக் கவனிக்கவில்லை. கைப்பேசியை எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடியிருந்தாள். "அக்கா, நான்தான். அந்த நாற்காலி உங்க கைக்குன்னே குறிவெச்சு வந்திருக்கு! செஞ்சவரே கேட்டு அனுப்பியிருக்கார். நாங்க மலைக்குப் போறோம். தைரியமா இருங்க!"

மறுமுனையில் உப்புத்தாள் உரசும் சத்தம் மட்டும் நின்றது. வேறு ஒரு வார்த்தையும் வரவில்லை. சந்தோஷத்தில் வாயடைத்துப் போய்விட்டாள் என்று துத்திக் நினைத்துக்கொண்டாள்.

மலைப்பாதையில் துத்திக் மோட்டார்சைக்கிளை ஓட்ட, தர்மாஜி பின்னால் உட்கார்ந்து வந்தார். வழி நெடுக அவள் பேசிக்கொண்டே இருந்தாள். தலையில் அடிபட்டுப் பேர் மறந்திருக்கலாம். கால் போயிருக்கலாம், அந்த வெட்கமாக இருக்கலாம். எதுவாக இருந்தாலும் வண்டியில் நடுவில் உட்காரவைத்துக் கூட்டிவந்துவிடலாம், மூன்று பேருக்கு இடம் இருக்கிறது, தர்மாஜி வயிற்றைக் கொஞ்சம் உள்ளிழுத்துக்கொண்டால் போதும்.

"வளைவைப் பார்த்து ஓட்டு," என்பதற்கு மேல் தர்மாஜி எதுவும் சொல்லவில்லை.

லாரிக்காரர் சொன்ன அடையாளம் எளிதாகக் கிடைத்தது. முற்றத்தில் பாய் விரித்துக் காப்பிக்கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. வீட்டின் பின்புறத்திலிருந்து இழைப்புளி ஓடும் சத்தம் வந்தது. சர்... சர்... சர்ரென்று ஒரே சீராக. துத்திக் செருப்பைக் கழற்றிவிட்டு ஓசைப்படாமல் நடந்தாள். காலடியில் சுருள் சுருளாகத் தேக்குச் சீவல்.

முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு ஆள் இழைத்துக்கொண்டிருந்தான்.

"மாஸ் கஸ்மாதி?" என்று அண்ணனைக் கூப்பிடுவதுபோலக் கூப்பிட்டாள்.

அவன் திரும்பினான்.

காலையில் ருமியாத்தி காட்டிய போட்டோவில் குட்டையான, முன்பல்லில் இடைவெளி உள்ள, காது விரிந்த ஒரு மனிதர் இருந்தார். இவன் நெட்டையாக இருந்தான். கன்னம் ஒட்டியிருந்தது. துத்திக் ஒரு முறைக்கு இரண்டு முறை பார்த்தாள். எவ்வளவு பார்த்தாலும் இவன் அவரில்லை.

தர்மாஜி மெதுவாக வந்து, இழைப்பு மேசை ஓரத்தில் உட்கார்ந்தார். பேர் கேட்கவில்லை. ஊர் கேட்கவில்லை. இழைப்புளியைத்தான் சுட்டிக்காட்டினார்.

"இது எப்போ நீச்சல் கத்துக்கிட்டது?"

அந்த ஆள் இழைப்புளியை, தூங்கும் குழந்தையைக் கிடத்துவதுபோல மேசையில் வைத்தான்.

"என் பேர் சர்பின்," என்றான். "யாராவது வருவாங்கன்னு தெரியும், பாக். தினமும் பாதையைப் பார்த்துட்டுதான் இருக்கேன்."

"நீங்களும் அந்தப் படகுலதான் இருந்தீங்க."

"பட்டியல்ல என் பேர் இல்ல. துறைமுகத்துல வேலை தேடி நின்னேன். கையில பெட்டி வெச்சிருந்த மாஸ், 'ரெண்டு கட்டில் இருக்கு, வர்றியா?'ன்னார். முன்னப்பின்னத் தெரியாத ஆளைக் கூப்பிட்டார். ஏறிட்டேன். கவுந்தப்புறம் ராத்திரி மீன்படகுக்காரங்க என்னைத் தூக்கினாங்க. வேற கரையில இறக்கிவிட்டாங்க. அங்கேர்ந்து நடந்தே வீட்டுக்கு வந்தேன். யார்கிட்டயும் எதுவும் சொல்லல."

"அவர்?" என்றாள் துத்திக். கேட்கும்போதே பதில் தெரிந்திருந்தது.

சர்பின் இல்லை என்று தலையை ஆட்டினான்.

"அப்புறம் எதுக்குய்யா நாற்காலி?" துத்திக்கின் குரல் உயர்ந்தது. "வாய் இல்லையா உங்களுக்கு? பஸ் இல்லையா? சந்து தெரியாதா?"

"தெரியும். நாலு தடவை போனேன். சந்து முனையில நின்னு பார்ப்பேன். அவங்க உட்கார்ந்து தேய்ச்சிட்டிருப்பாங்க. திரும்பி வந்துடுவேன்." அவன் இழைப்புளியின் அலகைத் தொட்டான். "படகுல வர்றப்ப மாஸ் சொன்னார். 'என் பொண்டாட்டி கை வெச்சா, அலகுல இருக்கிற பல்லைக்கூடச் சொல்லிடுவா'ன்னு. பெருமை தாங்கல அவருக்கு. அதான் தீட்டாமலே வெச்சு இழைச்சேன். அந்த மேட்டைத் தொட்டதும் இழைப்புளி வேற யார் கையிலயோ இருக்கு, அவர் இல்லைன்னு புரிஞ்சுக்குவாங்க. என் வாயால சொல்ல வேண்டாம்னு..."

"அவர் இருக்கார்னு புரிஞ்சுக்கிட்டாங்க, மாஸ்," என்றாள் துத்திக்.

சர்பின் மேசையில் பாதி இழைத்திருந்த பலகையைப் பார்த்தான். ஏதோ பாம்பைப் பார்ப்பதுபோல இரண்டடி பின்னால் நகர்ந்தான்.

"பலகை சரியாத்தான் சொல்லிச்சு," என்றார் தர்மாஜி. "நீங்க நுனியிலேர்ந்து அடிக்கு இழைக்கறீங்க. ஹாஜி கடையில தடவினப்பவே தெரிஞ்சுடுச்சு. இழைப்புளி கஸ்மாதியோடது, கை கஸ்மாதியோடது இல்ல."

"அப்பவே தெரியுமா?" துத்திக் அவர் பக்கம் திரும்பினாள். "ஏன் பாக் என்கிட்டச் சொல்லல?"

"சொல்லலாம்னு நிமிர்ந்தேன். நீ போன் பேசிட்டிருந்தே."

துத்திக் அப்படியே சீவல் குவியலில் உட்கார்ந்தாள். தைரியமா இருங்க என்று கத்தியது காதுக்குள் திரும்பத் திரும்பக் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்து, உப்புத்தாள் சத்தம் நின்றதும் ஞாபகம் வந்தது.

"பாக்... நீங்க ஒரு நாற்காலியை ரெண்டு தடவை தடவினீங்க. அவங்க நாலு நாற்காலியை முழுசாத் தேய்ச்சிருக்காங்க."

"ஆமா."

"அப்போ அவங்களுக்கு..."

"வண்டியை எடு," என்றார் தர்மாஜி. "மாஸ் சர்பின், நீங்களும் ஏறுங்க."

மூன்று பேருக்கு வண்டியில் இடம் இருந்தது. வழியில் துத்திக் ஒரு வார்த்தையும் பேசவில்லை.

அவர்கள் போய்ச் சேர்ந்தபோது ருமியாத்தி முற்றத்தில் நின்றுகொண்டிருந்தாள். வேலைத் துணியை மாற்றிப் பூப்போட்ட பாத்திக் சட்டை அணிந்திருந்தாள். தலைத்துணியும் புதிது. உள்ளே மீன் குழம்பு கொதிக்கும் வாசனை. வண்டியில் நடுவில் உட்கார்ந்திருந்தவனை அவள் ஒரு முறை பார்த்தாள். உயரத்தைப் பார்த்தாள். அவ்வளவுதான்.

"உட்காருங்க," என்றாள் எல்லோருக்கும் பொதுவாக.

துத்திக் அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, நான் போன்ல... என்னை மன்னிச்சிடுங்க. புத்தி கெட்டு..."

"நீ என்ன பண்ணுவே? முதல் நாற்காலியிலயே எனக்குத் தெரியும். மூணாவது இழுப்புலயே பலகை கையை எதிர்த்துச்சு. அவர் பலகை அப்படி எதிர்க்காது." தலைத்துணியை இழுத்துவிட்டுக்கொண்டாள். "தெரிஞ்சுக்கிட்டுதான் உங்களைக் கூப்பிட்டேன். மரம் தெரிஞ்ச மனுஷர், வேற மாதிரி ஏதாவது சொல்லிட மாட்டாரான்னு பார்த்தேன். நீ போன் பண்ணினதும், ஒருவேளை என் கைதான் தப்போன்னு... குழம்பு வெச்சேன்."

தர்மாஜி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். துப்பறிய வந்தவரிடம் சொல்வதற்கு எதுவும் மிச்சமில்லை. சொல்ல வேண்டியவன் முற்றத்துத் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்திருந்தான்.

"சொல்லுங்க," என்றாள் ருமியாத்தி அவனிடம்.

"படகு கவுந்ததும் மாஸ் பெட்டியைப் பிடிச்சுக்கிட்டார். எனக்கு நீச்சல் வராது. என்னையும் இழுத்துப் பெட்டியைப் பிடிக்க வெச்சார். கனம் தாங்காம அது அமுங்குச்சு. மூடியைத் திறந்து உளி எல்லாத்தையும் ஒவ்வொண்ணா எடுத்துக் கடல்ல போட்டார்."

"பதினோரு உளி!" ருமியாத்திக்குச் சட்டென்று கோபம் வந்தது. "எங்க அப்பா கல்யாணத்துக்குக் குடுத்தது. ஒரு உளியை யார்கிட்டயும் இரவல் குடுக்க மாட்டார். எல்லாத்தையுமா?"

"எல்லாத்தையும். சுத்தியல், ரம்பம், எல்லாம். இழைப்புளி மட்டும் மரமாச்சே, மிதக்கும்னு பெட்டிக்குள்ளயே விட்டுட்டார். அப்பவும் பெட்டி ஒருத்தரைத்தான் தாங்குச்சு. அதனால முறை வெச்சுக்கிட்டோம். நூறு எண்ணுற வரைக்கும் ஒருத்தர் பெட்டியில, ஒருத்தர் சும்மா ஓரத்தை மட்டும் தொட்டுக்கிட்டு. அவர்தான் எண்ணினார். ரொம்ப நேரம் அப்படியே போச்சு."

"அப்புறம்?"

சர்பின் முகத்தை நிமிர்த்தவில்லை. "அப்புறம் ஒரு தடவை நூறு முடிஞ்சதும், 'உன் முறை, பிடிச்சுக்கோ'ன்னார். அது என் முறை இல்ல. அந்த நூறுக்கும் நான்தான் பெட்டியில இருந்தேன். அவர் முறை. அவருக்குக் கணக்குத் தப்பிடுச்சோ, தெரிஞ்சே சொன்னாரோ, எனக்குத் தெரியாது. ஆனா எனக்குத் தெரியும், அது அவர் முறைன்னு. நான் வாயைத் திறக்கல. பிடிச்சுக்கிட்டேன். திரும்பிப் பார்க்கறப்ப ஓரத்துல கை இல்ல."

பக்கத்துப் பட்டறைகளில் வேலை முடிந்து ரம்பச் சத்தம் ஒவ்வொன்றாக அடங்கிக்கொண்டிருந்தது. 

ருமியாத்தி வெகுநேரம் சர்பினையே பார்த்தாள். அடிப்பாள் என்று துத்திக் நினைத்தாள். அடித்திருந்தால் அவனுக்கும் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும்.

"அவர் கை எடுத்தப்ப வெளிச்சம் இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"என்ன?"

"வெளிச்சம். சூரியன் இருந்துச்சா, விழுந்துடுச்சா? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க."

சர்பின் கண்ணை மூடிக்கொண்டான். "படகு கவுந்தது சாயங்காலம். அப்போ சூரியன் இருந்துச்சு. கடைசியில... இல்ல. விழுந்துடுச்சு. 'கரையில இந்நேரம் அந்தி மஃரிப் தொழுதிருப்பாங்க'ன்னு மாஸ் சொன்னார். சொல்லி ரெண்டு, மூணு நூறு எண்ணினப்புறம்தான்."

"நிச்சயமா?"

"நிச்சயம், அக்கா. வானத்துல நட்சத்திரம் வந்திருந்துச்சு."

ருமியாத்தி எழுந்தாள். உள்ளே போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். விரல்களை மடக்கி எதையோ எண்ணினாள். முதலிலிருந்து இன்னொரு தடவை எண்ணிச் சரிபார்த்தாள்.

"துத்திக், எனக்கு ஒரு உதவி பண்ணு. வண்டியில அவரோட அம்மா வீடு வரைக்கும் போயிட்டு வா. அவங்க படகு கவுந்த நேரத்தை வெச்சு எண்ணியிருக்காங்க. அது தப்பு. சூரியன் விழுந்தாலே நமக்கு அடுத்த நாள் பொறந்துடுது, அதனால அது புதன் இல்ல, வியாழன் கணக்கு. நூறாம் நாள் வெள்ளிக்கிழமைதான் வருது." அவள் குரல் அதுவரை எங்கும் உடையவில்லை, இங்கே ஒரு கணம் நின்று, பிறகு தொடர்ந்தது. "அப்பத்துக்குப் புதன்கிழமையே அரிசி ஊறப்போட்டுடப் போறாங்க. வியாழக்கிழமை போட்டாப் போதும்னு சொல்லு. ஓதறது இங்கேதான், நம்ம வீட்டுல."